நாற்பத்தொரு பத்திரங்கள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீயும் உன் மனைவியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாயே, அடுத்தது முளைத்துவிட்டதா?

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது, கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. எங்கள் ஸ்டுடியோ தன் படங்களை உங்கள் ஓடிடிக்குக் கொடுத்த ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. புதுப் பேச்சுவார்த்தை தொடங்கியாயிற்று. அதற்காக எங்கள் எல்லோரிடமும் ஒரு படிவம் வாங்கினார்கள். எதிர்த் தரப்பில் உறவினர் யாரும் வேலை செய்கிறார்களா என்று ஒரு கேள்வி. "உண்டு, உடன்பிறந்த தம்பி, படம் வாங்கும் பிரிவில்" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கையெழுத்தாகும்வரை உன்னோடு போனிலோ மின்னஞ்சலிலோ பேச வேண்டாம் என்றார்.

படிவத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கடிதம் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ரெக்கார்டு ரூமில் தாளோடு குடித்தனம் நடத்துகிறவளைத் தாளால் தடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபீஸ் விஷயம் பேசாமல் வீட்டு விஷயம் எழுதினால் என்ன தப்பு? நீயும் உங்கள் ஆபீஸில் இதேபோல எழுதிக் கொடுத்துவிட்டாய் அல்லவா?

உன் மாமா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றதும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டார். எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். மூன்று சந்தா கட்டுகிறோம். அவர் தேடும் படம் எப்போதும் நாலாவதில் இருக்கிறது. இது என்ன கூத்து என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

எனக்குத் தூசியில் கொஞ்சம் இருமல். வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். குட்டிக்குப் புதுப் பல் கோணலாக முளைத்திருக்கிறது, உனக்கு இருப்பதுபோலவே. வீட்டு விலாசத்துக்கு அனுப்பியது நல்லதாயிற்று. இனிமேலும் இங்கேயே அனுப்பு.

மாமாவிடம் இப்படிச் சொல். படங்கள் எங்களுடையவை அல்ல, வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம். அந்த வாடகையைத்தான் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பேசுகிறோம். இந்தத் தடவை உங்கள் ஸ்டுடியோ மூன்று மடங்கு கேட்கிறது. கொடுத்தால் சந்தாவை ஏற்ற வேண்டும். கொடுக்காவிட்டால் முந்நூறு படங்களும் வேறொரு ஓடிடிக்குப் போய்விடும், மாமா அங்கே ஒரு சந்தா கட்டுவார். எப்படிப் போனாலும் பார்க்கிறவர் தலையில்தான் விடிகிறது. வாடகை குறைந்தால் எல்லோருக்கும் நல்லது. அதற்காகத்தான் நான் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மாமாவின் ஆள் உள்ளே இருக்கிறான் என்று சொல்.

இருமலை அலட்சியம் செய்யாதே. ஐம்பத்தாறு வயதில் தூசிக்குள் இறங்கி அப்படி என்னதான் தேடுகிறாய்? கூட ஆள் இல்லையா?

அன்புத் தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். குட்டியின் பல்லைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. கோணல் பல்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று உன் மாமா சொல்கிறார். அனுபவஸ்தர்.

என் இருமலுக்குக் காரணம் சொல்கிறேன், கேள். ஸ்டுடியோ இந்த முந்நூறு படத்தையும் தானே எடுக்கவில்லை. பாதிக்கு மேல் சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களிடம் எப்போதோ வாங்கியது. வாங்கியதற்கு மூலப் பத்திரம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு படத்துக்குப் பத்திரத்தைக் காணோம். மழையில் ஒரு வருஷம் கோடவுன் ஒழுகியபோது பெட்டிகளை அள்ளி எங்கெங்கோ போட்டார்கள், அதன் வினை. இப்போது நானும் பென்சிலும் ஏணி போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

பென்சிலை உனக்குத் தெரியாது. என்னோடு பதினொரு வருஷமாக வேலை செய்கிறவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் அந்தப் பென்சிலைத் தேடுவாள். வீட்டில் அவளுடைய அம்மா படுத்த படுக்கை. ஆனாலும் ஒருநாள் முகம் கோணியதில்லை. அவள் மட்டும் இல்லையென்றால் நான் ஏணியிலிருந்து விழுந்தே செத்திருப்பேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. படிவம் கொடுத்துவிட்டாய் அல்லவா?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை தபால் தாமதம், உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வந்த மறுநாளே இதை எழுதுகிறேன். இருமல் மருந்து தனியாகப் பார்சலில் வரும். காலையும் மாலையும் வெந்நீரோடு சாப்பிடு.

அந்த நாற்பத்தொன்றில் மாமாவுக்குப் பிடித்த லாரி டிரைவர் படமும் உண்டா? அவர் வாரம் ஒரு தடவை பார்ப்பாரே, பாவம், அது இல்லாமல் போனால் என்ன செய்வார் என்று நினைத்தேன். இரட்டைச் சகோதரிகள் படம்கூட வாங்கிய படம்தானே? பத்திரம் கிடைக்காவிட்டால் ஸ்டுடியோ என்ன செய்யும்?

குட்டி உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

மருந்து வந்தது. இருமல் பாதி குறைந்துவிட்டது. பெற்றவர்கள் போன பிறகு என் இருமலுக்காகக் கடை ஏறி இறங்க ஒருவன் இருக்கிறான் என்று பென்சிலிடம் பீற்றிக்கொண்டேன்.

லாரி டிரைவரும் உண்டு, இரட்டைச் சகோதரிகளும் உண்டு. வீட்டுக்கு வீடு பார்க்கிற படங்களாகப் பார்த்துத்தான் பத்திரம் தொலைந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள்? முந்நூறோடு முந்நூறாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்திரம் கேட்டு யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் மேனேஜர். எனக்கு அது பிடிக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குட்டிக்கு என் முத்தம். நீ தூங்குகிறாயா ஒழுங்காக?

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பேச்சுவார்த்தை மும்முரத்தில் இருப்பாய் என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இங்கே பெரிய இடி விழுந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதிப் பேச்சில் உங்கள் தரப்பிலிருந்து ஒருவர், நாற்பத்தொரு படத்துக்கு மூலப் பத்திரம் இல்லையாமே, முதலில் அதைக் காட்டுங்கள், பிறகு விலை பேசலாம் என்று கேட்டாராம். லாரி டிரைவர், இரட்டைச் சகோதரிகள் என்று பெயரும் சொன்னாராம். எங்கள் பெரியவர்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்த விஷயம் ரெக்கார்டு ரூமையும் மேனேஜரையும் தாண்டி யாருக்கும் தெரியாது.

மறுநாளே எல்லோருடைய போனையும் வாங்கிச் சோதித்தார்கள். உன்னைப் பற்றி நான் முன்பே எழுதிக் கொடுத்தவள், என் போனில் உன் பேச்சே இல்லை. என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவிட்டார்கள். பென்சில் மாட்டிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே வேலையை முடிக்கலாம் என்று காணாத பத்திரங்களின் பட்டியலைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கம்பெனி ரகசியத்தை விற்றாள் என்று போலீஸில் புகார் கொடுக்கப் போவதாகவும் பேச்சு.

அவள் செய்யவில்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பக்கம் யார் சொன்னார்கள் என்று உன்னிடம் கேட்க மாட்டேன், அது முறையில்லை. ஆனால் உன் காதில் ஏதாவது விழுந்தால், அவள் பெயர் அதில் இல்லை என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் முழுக்க நின்றுவிட்டதா? வெயில் ஏறுகிறது, நிறையத் தண்ணீர் குடி.

பேச்சுவார்த்தை நல்லபடியாக முடிந்தது உனக்கே தெரிந்திருக்கும். எனக்கும் ஆபீஸில் ஒரு படி ஏற்றம் கிடைத்தது. படங்கள் எங்கேயும் போகாது, வாடகையும் குறைந்திருக்கிறது. மாமாவின் சந்தா ஏறாது என்று தைரியமாகச் சொல். எத்தனையோ லட்சம் வீடுகளுக்கு இதனால் நன்மை.

உன் தோழி விஷயம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் ஆபீஸ் விவகாரம். விசாரணையில் தானாகச் சரியாகிவிடும். நீ அதில் தலையிட்டு மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவள்.

இன்னொன்று. என் கடிதங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. வீட்டில் பழைய தாள் சேர்ந்தால் உனக்குத் தூசி ஆகாது.

அன்புத் தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது உன் பதவி உயர்வுக்குச் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது தடவை படித்தபோது அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

தூசி ஆகாது என்று தாளைக் கிழிக்கச் சொல்கிறாய். யாரிடம்? இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு சிட்டையைக்கூடக் கிழிக்காதவளிடம். நீ கிழிக்கச் சொன்ன கடிதங்களை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். என் பதில்கள் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் போயின. நீ மட்டும் நாற்பத்தொன்று என்று படித்ததும் மறுநாளே பேனாவை எடுத்திருக்கிறாய். நான் படங்களின் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டாய்.

ஒன்று சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. மார்ச் மூன்றாம் தேதி ஒரு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பத்திரம் கிடைத்தது. பிறகு நாற்பதுதான். பென்சில் போட்டோ எடுத்தது ஐந்தாம் தேதி, அதில் இருப்பது நாற்பது படம். உங்கள் ஆள் கேட்டது நாற்பத்தொன்று. அந்தப் பழைய எண்ணிக்கை வெளியே போனது ஒரே ஒரு தாளில்தான். அதை எழுதியவள் நான்.

இதை மேனேஜரிடம் வாயால் சொன்னால், தோழியைக் காப்பாற்றக் கிழவி கதை கட்டுகிறாள் என்பார். ஆகவே என்னுடைய பிப்ரவரி 2 கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பு. அசல் வேண்டும், உறையோடு வேண்டும். தபால் முத்திரையில் தேதி இருக்கிறது. ஜெராக்ஸ் செல்லாது.

அதில் நான் உளறியது மட்டும்தான் இருக்கிறது. நீ கேட்டது இல்லை.

அக்கா

மே 17

தம்பிக்கு,

இருபத்தைந்து நாளாயிற்று. தபால் போய்ச் சேர நாலு நாள், வர நாலு நாள். மீதிப் பதினேழு நாளும் உன்னுடையது.

நேற்று உன் மாமாவின் போனுக்கு உங்கள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ஸ்டுடியோக்களின் உரிமைக் கட்டணம் உயர்ந்துவிட்டதால் அடுத்த மாதத்திலிருந்து சந்தா மூன்றில் ஒரு பங்கு கூடுகிறதாம். வருத்தம் வேறு தெரிவித்திருக்கிறார்கள். மாமா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "உன் தம்பி ஏறாதுன்னு சொன்னான்ல?" என்று கேட்டார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

உரிமைக் கட்டணம் உயரவில்லை. அந்த ஒப்பந்தத்தைப் பதிவேட்டில் ஏற்றியவள் நான்தான். நீங்கள் இதற்குமுன் கொடுத்ததைவிடவும் குறைவு. எத்தனையோ லட்சம் வீடுகளுக்கு நன்மை என்று எழுதினாயே, அதில் ஒரு வீட்டைக் காட்டு. என் வீடு இல்லை. பென்சிலின் வீட்டை நான் போய்ப் பார்த்தேன். அவளுடைய அம்மாவுக்கு விஷயம் தெரியாது. தினமும் காலையில் கொண்டை போட்டு, பென்சிலைச் செருகிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

விசாரணை ஜூன் ஆறாம் தேதி. என் கடிதம் அதற்குள் வராவிட்டால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். உன்னுடைய பிப்ரவரி 11 கடிதம். அதில் உன் கையெழுத்தில் நாற்பத்தொன்று என்று இருக்கிறது, உறையில் முத்திரையும் இருக்கிறது. என் கடிதம் மேஜைக்குப் போனால் அக்கா உளறினாள் என்று ஆகும். உன் கடிதம் போனால் தம்பி தோண்டினான் என்று ஆகும். எனக்கு இரண்டாவது வேண்டாம். ஆனால் பென்சில் போலீஸுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியாது.

பயமாக இருக்கிறது தம்பி. இப்படி ஒரு கடிதத்தை உனக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்கா

மே 31

அக்காவுக்கு,

நீ கேட்டது உறையோடு உள்ளே இருக்கிறது. கிழிக்கத்தான் எடுத்தேன். நாலு தடவை எடுத்தேன்.

நீ முதல் கடிதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன். எங்கள் ஆபீஸிலும் அந்தப் படிவம் கொடுத்தார்கள். உறவினர் உண்டு என்று எழுதினால் பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். நான் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உன் இருமலைப் பற்றி முதலில் கேட்டது இருமலுக்காகத்தான். இதை நீ நம்ப வேண்டும். இரண்டாவது தடவை மருந்தோடு சேர்த்துப் படங்களைக் கேட்டது அதற்காக அல்ல.

சந்தா விஷயமும் சொல்கிறேன். வாடகை குறைந்தால் சந்தா குறையும் என்று நானும் நம்பினேன், இல்லை, நம்புவதாகச் சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்த வாரமே கணக்குப் பிரிவில் கூட்டம் போட்டார்கள். படங்கள் கைவிட்டுப் போகும் என்ற பயம் இருந்தவரை ஏற்றத் தயங்கினார்கள். படம் இல்லையென்றால் ஆட்கள் போய்விடுவார்களே. இனிப் படங்கள் ஐந்து வருஷத்துக்கு இங்கேதான், பார்க்கிறவர் வேறெங்கே போவார், தாராளமாக ஏற்றலாம் என்று முடிவாயிற்று. மாமாவுக்கு வந்த செய்தியை எழுதிக் கொடுத்தது என் பிரிவுதான். கடைசியில் ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.

உன் கடிதம் மேஜைக்குப் போனால் உறை மேலே என் பெயர் இருக்கிறது. எங்கள் ஆபீஸ்வரை வருமோ வராதோ தெரியாது. பிப்ரவரி 11 கடிதம் போனால் நிச்சயம் வரும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குட்டிக்குப் பள்ளி திறந்திருக்குமே.

ஆறாம் தேதி விசாரணை நடந்தது. பென்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை அவர்கள் விசாரிக்க ஆரம்பிக்குமுன்பே நான் எழுந்துபோய்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் முத்திரையைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். பென்சில் எடுத்திருந்த போட்டோவில் எத்தனை படம் என்று எண்ணச் சொன்னேன். நாற்பது. கடிதத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். பிறகு மேனேஜர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி கேட்டாரா, நீங்களா எழுதினீங்களா?"

"நானாத்தான் எழுதினேன் சார்."

நம்பினாரா என்று தெரியாது. கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தார். பிறகு சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார்கள். பென்சிலை மறுநாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். அவள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்க்கா?" என்று கேட்டாள். ஏப்ரலிலிருந்து என்றேன். தலையை ஆட்டினாள். மடமடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கேட்டது நியாயம். அந்த ஒன்றரை மாதம் அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தது உனக்காக அல்ல, எனக்காக. நீயாகவே அனுப்புவாய், என் தம்பி அப்படிப்பட்டவன்தான் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு அவள் விலை கொடுத்தாள். பதினொரு வருஷத்து ஸ்நேகிதம் படிக்கட்டோடு போய்விட்டது.

வேலை போனதற்கு நான் அழவில்லை. நீ படிவத்தில் "இல்லை" என்று எழுதினாயே, அதைப் படித்தபோதுதான் அழுதேன். மாமா வந்து என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் பட்டியலை எடுத்து மடித்து வைத்தார். உங்கள் சந்தாவை நிறுத்தவில்லை, நிறுத்தினால் உன்னைத் தண்டித்ததுபோல ஆகிவிடும் என்கிறார். அவருக்கு உன்மேல் இன்னும் அவ்வளவு பிரியம் இருக்கிறது. எனக்கு அது ஆத்திரமாக வருகிறது.

உன் பிப்ரவரி 11 கடிதத்தை உறையோடு இதில் வைத்திருக்கிறேன். அசல் அதுதான். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் காட்ட என்னிடம் இனி எதுவும் கிடையாது. நீ அதைக் கிழிப்பாயோ, உன் மேலதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைப்பாயோ, எனக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் அதைக் கடிதத்தில் எழுதாதே. வீட்டுக்கு வா. என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா